எட்டு நாள் சிங்கப்பூர், மலேசியா பல்கலைக்கழகப் பயணம்: நகையை அடகு வைத்துப் போகலாமா?

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எம்பிஏ முதலாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லூரியில் எட்டு நாள் வெளிநாட்டுப் படிப்புப் பயணம் அறிவித்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல்கலைக்கழக வகுப்புகள், இரண்டு மூன்று கம்பெனி விசிட், கடைசியில் ஒரு சான்றிதழ். ஆளுக்கு 1,40,000 ரூபாய். அப்பாவுக்குச் சந்தூர் பக்கம் பெங்களூரா மாந்தோப்பு. இந்த சீசனில் விலை கிடைக்கவில்லை. அம்மா நகையை வைத்துத் தருகிறேன் என்கிறார். போனால் வேலைக்கு உதவுமா, பின்னால் வெளிநாட்டில் படிக்க நினைத்தால் விசா சுலபமாகுமா, போகாவிட்டால் எதையாவது இழந்துவிடுவேனா என்று கேட்கிறார். சுற்றி வளைக்காமல் சொன்னால், அம்மாவின் நகைக்கு ஈடாக இந்த எட்டு நாளில் ஏதாவது கையில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

நான் தர்மபுரிக்காரன். முதலில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு மேலாண்மைத் துறையில் ஆசிரியரானேன். இந்த மாதிரிப் பயணங்களுக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு பல வருடங்கள் என் தலையில்தான் விழுந்தது. அதனால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது, திரும்பி வந்த பிள்ளைகள் இண்டர்வியூவில் என்ன சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்த இண்டர்வியூ எல்லாம் ஓசூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு வட்டாரத்தோடு சரி. மும்பை கன்சல்டிங் கம்பெனிகளில் இதற்கு என்ன மதிப்பு என்று என்னிடம் கேட்டால் என் பதிலை நம்ப வேண்டாம்.

முதலில் நேரடியான பதில். நகையை வைத்துத்தான் போக வேண்டும், போவதே வேலை கிடைக்கும் என்பதற்காகத்தான் என்றால், போகாதீர்கள் தம்பி. இந்தச் சான்றிதழைப் பார்த்து வேலை கொடுத்த ஒரு மனிதவள அதிகாரியையும் நான் சந்தித்ததில்லை. அதே சமயம் பணம் கடன் இல்லாமல் புரளுமானால், கிளம்புவதற்கு முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்து வேலை செய்ய மனமும் இருந்தால், இந்த எட்டு நாள் உங்களுக்கு ஒரு செமஸ்டர் பாடத்தை விட அதிகமாகக் கொடுக்கும். பயணம் ஒன்றுதான். நீங்கள் எதைக் கையில் வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்பதைப் பொறுத்து மொத்தமாக மாறிவிடும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன் என்று சொல்வதிலேயே பல தரம் உண்டு. வளாகத்தைச் சுற்றிக் காட்டி, ஒரு அரங்கில் அறிமுக உரை கேட்கவைத்து, படிக்கட்டில் நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவது ஒன்று. மூன்று நாளிலிருந்து சில வாரம் வரை பாடம் நடத்தி, குழு வேலை கொடுத்து, முடிவில் மதிப்பிடுவது இன்னொன்று. ஒரு செமஸ்டர் முழுக்க அங்கேயே இருந்து படித்துவிட்டு வருவது மூன்றாவது. முதலாவதில் கிடைப்பது பங்கேற்புச் சான்றிதழ். அதற்குக் கல்விக் கணக்கில் எந்த எடையும் இல்லை. மூன்றாவதில் மதிப்பெண் பட்டியலும் கிரெடிட்டும், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட எடையும், கிடைக்கும். நடுவில் உள்ளதில்தான் குழப்பம். சில குறுகிய படிப்புகள் கிரெடிட் கொடுக்கும், பல கொடுக்காது. ஐரோப்பாவில் ஒரு இசிடிஎஸ் கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு, ஒரு வருடத்துக்கு 60. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் மூன்று நாள் வகுப்புக்கு என்ன மதிப்பு வரும் என்று நீங்களே சொல்லிவிடலாம். ஆகவே உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் விஷயம்: கடைசியில் வருவது பங்கேற்புச் சான்றிதழா, மதிப்பெண் பட்டியலா? கிரெடிட் உண்டு என்றால், அதை நம் பல்கலைக்கழகம் ஏற்று மதிப்பெண் சான்றில் சேர்க்குமா?

அடுத்தது, எந்தப் பல்கலைக்கழகம் என்பது. துண்டறிக்கையில் 'சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள்' என்று மட்டும் போட்டிருந்தால் பெயரைக் கேளுங்கள். சிங்கப்பூரில் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறே ஆறுதான்: என்யூஎஸ், என்டியூ, எஸ்எம்யூ, எஸ்யூடிடி, எஸ்ஐடி, எஸ்யூஎஸ்எஸ். இவை தவிர பிரான்சில் தொடங்கிய இன்சியாட் மாதிரி வெளிநாட்டு வணிகப் பள்ளிகளின் வளாகங்கள் உண்டு. மிச்சம் பெரும்பாலும் தனியார் கல்வி நிலையங்கள். அவற்றில் நல்லவையும் இருக்கின்றன, ஆனால் பல்கலைக்கழகம் என்று சொல்லி அங்கே கூட்டிப்போனால் அது வேறு கதை. மலேசியாவில் மலாயா, பூத்ரா போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒரு பக்கம், மொனாஷ், நாட்டிங்காம் போன்ற வெளிநாட்டுக் கிளை வளாகங்கள் இன்னொரு பக்கம். பெயர் தெரிந்ததும் அந்த வணிகப் பள்ளிக்கு ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், அம்பா ஆகிய மூன்றில் எந்த அங்கீகாரம் இருக்கிறது என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துவிடலாம். பெயர் நன்றாக இருந்தாலும், பாடம் எடுப்பது அவர்களுடைய ஆசிரியரா, இல்லை அரங்கத்தை வாடகைக்கு எடுத்துப் பயண ஏஜென்ட் ஏற்பாடு செய்த பேச்சாளரா என்பதையும் கேட்க வேண்டும். இரண்டாவது ரகம் நிறையவே நடக்கிறது. பல்கலைக்கழகத்தின் கடிதத்தாளில் அழைப்புக் கடிதம், பாடம் எடுப்பவர் பெயர், வகுப்பு எத்தனை மணி நேரம் என்ற அட்டவணை, இந்த மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். ஒன்றரை லட்சத்துக்கு வண்டி வாங்கினால் ஆர்சி புத்தகம் கேட்க மாட்டோமா?

1,40,000 எப்படி வந்தது என்பதையும் பிரித்துக் கேளுங்கள். விமான டிக்கெட், தங்குமிடம், விசா, பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் தொகை, உள்ளூர்ப் பேருந்து, ஏஜென்ட் பங்கு. பல்கலைக்கழகத்துக்குப் போகும் தொகை ரொம்பச் சின்னதாக இருந்தால், நீங்கள் வாங்குவது சுற்றுலா என்று புரிந்துகொள்ளுங்கள். சுற்றுலா தப்பில்லை, ஆனால் அதற்கு நகையை வைக்க வேண்டாம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பயண நிறுவனம் நேரடியாக உங்களிடம் பணம் வாங்கினால், வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு என்ற கணக்கில் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். யாருடைய பான் எண் கொடுக்கிறீர்களோ அவர் கணக்கில் அது ஏறும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். விவசாய வருமானம் மட்டும் உள்ள அப்பா கணக்குத் தாக்கல் செய்யும் வழக்கம் இல்லாதவராக இருந்தால் அந்தப் பணம் அப்படியே கிடக்கும். எவ்வளவு சதவீதம் என்பது பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, கட்டும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பெரும்பாலும் ஏஜென்ட்தான் ஓடுவார். சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், கிடைக்காவிட்டாலும் அது திரும்ப வராது. மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை, அந்தச் சலுகை 2026 முடிய நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நாட்டுக்கும் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். உங்கள் கல்லூரி அடுத்த வருடம் ஐரோப்பா என்று கிளம்பினால் கணக்கு வேறு. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் போய் வளாகத்தைப் பார்க்கலாம், ஆனால் கிரெடிட் தரும் படிப்பில் சேரக் கூடாது. இதெல்லாம் உறுதியான விஷயங்கள். ஒருவருக்கு விசா கிடைக்குமா கிடைக்காதா என்பதை மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 'நூறு சதவீதம் கிடைக்கும்' என்று சொல்கிற ஏஜென்டிடம் கொஞ்சம் எட்டியே நில்லுங்கள்.

இனி வகுப்புக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பயப்படவும் தயாராகவும் இரண்டுக்கும் இது உதவும். சிங்கப்பூரில் நான் உட்கார்ந்திருந்த ஒரு வகுப்பு. லாட வடிவத்தில் படிப்படியாக இருக்கைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் பெயர் அட்டையைச் சொருக ஒரு பள்ளம். நம் பிள்ளைகள் நுழைந்ததும் வழக்கம் போல மேலே கடைசி வரிசைக்கு ஏறிவிட்டார்கள். பேராசிரியர் பேசிக்கொண்டே படியேறி அந்த வரிசைக்கே வந்து நின்று அங்கிருந்து ஆரம்பித்தார். முதல் நாள் இரவே ஒரு கேஸ் அனுப்பியிருந்தார், அதாவது ஒரு கம்பெனி சந்தித்த சிக்கலை விவரிக்கும் கட்டுரை, பன்னிரண்டு பக்கம். பலர் பிரிண்ட் எடுத்திருந்தார்கள், படித்திருக்கவில்லை. ஒரு மாணவியிடம், 'நீங்கள் இந்தக் கம்பெனியின் முதலாளி, விலையைக் குறைப்பீர்களா?' என்றார். அந்தப் பெண் பாடப் புத்தகத்தில் இருந்த வரையறையை அச்சுப் பிசகாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரி, எவ்வளவு குறைப்பீர்கள்?' என்றார். அறையில் சத்தமே இல்லை. அப்போது பாலக்கோட்டுப் பையன் ஒருவன், வீட்டில் தக்காளி வியாபாரம், தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் சொன்னான்: 'சார், வரத்து கூடின அன்றைக்கு விலையைக் குறைத்தாலும் வாங்குகிற ஆள் கூட மாட்டான். பறிகூலி, பெட்டி வாடகை, மண்டி கமிஷன் மூன்றும் சேர்ந்து விலையைத் தாண்டிவிட்டால் நாங்கள் பறிக்கவே மாட்டோம்.' பேராசிரியர் அவனைக் கீழே கூப்பிட்டு, அந்த மூன்று செலவையும் பலகையில் எழுதச் சொன்னார். அதற்கப்புறம் வகுப்பு முழுக்க அந்தத் தக்காளிக் கணக்கைச் சுற்றியே நடந்தது. அனுப்பிய கேஸைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தொட்டார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. 1908-இல் தொடங்கிய ஹார்வர்ட் வணிகப் பள்ளி கேஸ் முறையை 1920-களில் வழக்கமாக்கியது, அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. அந்த முறையில் ஆசிரியர் விடையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. முடிவு எடுக்க வேண்டியவர் இடத்தில் உங்களை உட்காரவைத்து, நீ என்ன செய்வாய் என்று கேட்கிறார். ஹார்வர்டில் மதிப்பெண்ணில் ஏறத்தாழ பாதி வகுப்பில் பேசுவதற்குத்தான். அந்த இடத்தில் புத்தக வரையறைக்கு மரியாதை குறைவு. உங்கள் வீட்டுத் தோப்புக் கணக்குக்கு மரியாதை அதிகம். நம் பக்கத்துப் பிள்ளைகள் இதை நம்ப மறுக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆதங்கம். ஆங்கிலம் சரளமாக வராது என்ற கவலையில், சொல்லச் சரக்கு இருந்தும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஆகவே போவதாக முடிவெடுத்தால், கையில் ஒரு கேள்வியோடு போங்கள். உங்களுக்கு அது வெளியே தேட வேண்டிய பொருளே இல்லை. பெங்களூரா மாங்காய் நேராக மாங்கூழ் ஆலைக்குப் போகிறது. ஒரு டன் கூழுக்குச் சுமார் இரண்டு டன் காய் வேண்டும். இனிப்பு 14 பிரிக்ஸுக்கு (சர்க்கரை அளவைக் காட்டும் அலகு) குறையாமல் இருக்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்பார். கிருமி நீக்கிய பையில் நிரப்பி டிரம்மில் அடைத்தால் ஒரு டிரம் 215 கிலோ. இருபது அடி கன்டெய்னரில் 80 டிரம், அதாவது 17 டன்னுக்குக் கொஞ்சம் மேல். இந்த எண்களைக் காதால் கேட்டால் போதாது. அப்பாவிடம் இந்த சீசனில் கிலோவுக்கு என்ன வந்தது, பறிப்புக்கும் வண்டிக்கும் எவ்வளவு போனது என்று நோட்டில் எழுதி வாங்குங்கள். பக்கத்து ஆலையில் தெரிந்தவர் மூலம் டிரம் விலை என்ன என்று விசாரியுங்கள். கிலோ விலை ஒற்றை இலக்கத்துக்கு விழுந்த வருடத்திலும் கடையில் மாம்பழச் சாறு பாட்டில் விலை குறையவில்லையே, நடுவில் அந்தப் பணம் எங்கே நிற்கிறது? இது ஒரு எம்பிஏ மாணவன் உலகத்தின் எந்த வகுப்பிலும் எழுந்து நின்று கேட்கக்கூடிய கேள்வி. உங்கள் நண்பர்களில் ஓசூர் ரோஜாத் தோட்டத்துப் பிள்ளை இருந்தால் அவருக்குப் பிப்ரவரி 14 கணக்கு இருக்கும். கிரானைட் குவாரி லாரி ஓட்டுபவர் மகனுக்கு வேறு கணக்கு. தொழிற்பேட்டை நிழலில் வளர்ந்தவருக்கு உதிரி பாகக் கணக்கு.

அந்தக் கேள்வியோடு போனால் பயணத் திட்டத்தில் இல்லாத இடங்கள் கண்ணில் படும். சிங்கப்பூர் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தை, என்யூஎஸ் இருக்கும் கென்ட் ரிட்ஜ் பக்கத்திலேயே இருக்கிறது. சீக்கிரம் எழுந்து ஒரு விடியற்காலையில் அங்கே போய்ப் பெட்டிகளின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பதை மட்டும் படித்துக்கொண்டே நடங்கள். எந்த நாடு, எந்த ரகம், எத்தனை கிலோ, எப்படி அடுக்கியிருக்கிறார்கள். பிறகு லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையில் அதே பழம் என்ன விலைக்கு விற்கிறது என்று பாருங்கள். நடுவில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பாடம். மலேசியாவில் பூத்ரா பல்கலைக்கழகம் 1931-இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கியது. செர்டாங்கில் அதன் பக்கத்திலேயே மார்டி என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. அந்த நாட்டின் பெர்லிஸ் மாநிலத்தில் விளையும் ஹாருமானிஸ் மாம்பழத்துக்கு ஜனங்கள் சீசனுக்குக் காத்திருந்து, முன்பதிவு செய்து, நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். பழமும் மாம்பழம்தான், ஊரும் சின்ன ஊர்தான். அங்கே விலையைத் தோப்புக்காரர் பக்கம் நிறுத்தியது எது, சந்தூரில் நிறுத்தாதது எது? உங்கள் ப்ராஜெக்ட் அறிக்கைக்குத் தலைப்பு இதிலேயே இருக்கிறது. பெங்களூரா கூழுக்கான ரகம், ஹாருமானிஸ் நேரடியாகச் சாப்பிடும் பழம், ஆகவே ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தாது. அதை எழுதிக்காட்டுவதே பாதி ஆராய்ச்சி.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால், போகிற பல்கலைக்கழகத்தின் தளத்தில் வேளாண் வணிகம், சரக்குப் போக்குவரத்து, உணவுச் சந்தை என்று எதையாவது ஆராயும் ஒரு ஆசிரியரைப் பிடித்து மின்னஞ்சல் எழுதுங்கள். 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கி இரண்டு பக்கம் புகழ வேண்டாம். நான் இன்னார், எங்கள் வீட்டில் மாந்தோப்பு, இந்தத் தேதியில் உங்கள் வளாகத்தில் இருப்பேன், உங்களுடைய இன்ன கட்டுரையைப் படித்தேன், எனக்கு இந்த ஒரு சந்தேகம், இருபது நிமிடம் கிடைக்குமா? அவ்வளவு போதும். நாலு பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போடுவார், சில சமயம் யாருமே போட மாட்டார்கள். பதில் வந்தால் அந்த இருபது நிமிடம், துண்டறிக்கையில் உள்ள மொத்த வகுப்பையும் விட உங்களுக்குப் பெரிது. ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். அங்கே போய்க் குழுவை விட்டுக் காணாமல் போனால் கூட வந்த ஆசிரியருக்கு ரத்த அழுத்தம் ஏறும். அனுபவத்தில் சொல்கிறேன்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரில் ஒரு தயாரிப்புக் கம்பெனி இண்டர்வியூவில் நானும் குழுவில் உட்கார்ந்திருந்தேன். பயோடேட்டாவில் வெளிநாட்டுப் பயணம் என்று இருந்தால் அங்கே என்ன பார்த்தாய் என்று கட்டாயம் கேட்பார்கள். 'நல்ல எக்ஸ்போஷர் கிடைத்தது சார், அவர்கள் ரொம்ப டிசிப்ளின்' என்றான் ஒருவன். கேட்டவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். இன்னொருவன் துறைமுகத்தில் கன்டெய்னர் இறங்குவதைப் பார்த்தது, தான் கேட்ட கேள்வி, அதற்கு வந்த பதில், அதை ஊரில் தன் மாமாவின் சரக்கு லாரிகளோடு ஒப்பிட்டது என்று ஐந்து நிமிடம் பேசினான். அவனிடம் இன்னும் மூன்று கேள்வி கேட்டார்கள். இருவரிடமும் இருந்தது ஒரே சான்றிதழ். இரண்டாமவனுக்கு வேலை அதனால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன், அவன் கணக்கிலும் கெட்டி. ஆனால் பயணம் உதவுவதாக இருந்தால் இந்த வழியில்தான் உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பின்னால் வெளிநாட்டில் படிக்க விசா சுலபமாகுமா என்றால், கொஞ்சம்தான். விண்ணப்பத்தில் முந்தைய பயணங்களைக் கேட்பார்கள். போய்விட்டு நேரத்தில் திரும்பி வந்தவர் என்று பதிவாவது கெடுதல் இல்லை. ஆனால் மாணவர் விசாவைத் தீர்மானிப்பது சேர்க்கைக் கடிதம், பணத்துக்கான ஆதாரம், ஏன் இந்தப் படிப்பு என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணம். எட்டு நாள் சுற்றுப்பயணம் இவற்றில் எதற்கும் ஈடாகாது. சேர்க்கையிலும் அப்படித்தான். நோக்க அறிக்கையில் அந்தச் சந்தைக் கேள்வியை நன்றாக எழுதினால் எடுபடும், சான்றிதழை இணைத்தால் எடுபடாது.

நிஜமாகவே வெளிநாட்டில் மேற்படிப்பு என்பதுதான் மனதில் இருந்தால், அதே 1,40,000-ஐ வேறு விதமாகவும் எண்ணிப் பாருங்கள். ஜெர்மனி என்றால் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் சான்று, வேண்டும், அதற்கு 18,000 ரூபாய். ஐஇஎல்டிஎஸ் தேர்வு, தேவைப்பட்டால் ஜிமேட், சில விண்ணப்பக் கட்டணங்கள், இவை எல்லாம் சேர்ந்தும் உங்கள் கையில் கணிசமான பணம் மிஞ்சும். அங்கே போக வேண்டிய கட்டத்தில் முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது பெரிய தொகைதான், ஆனால் அது உங்கள் செலவுக்கே மாதாமாதம் திரும்ப வரும் பணம், அதற்குக் கல்விக் கடனும் வாங்கலாம். இப்போதே நகையைக் கரைத்துவிட்டால் அந்த நேரத்தில் வீட்டில் என்ன இருக்கும்?

கல்லூரியில் இன்னொன்றையும் விசாரியுங்கள். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறதா? அப்படி இருந்தால் பெரும்பாலும் இங்கே கட்டும் கட்டணத்தோடு சரி, அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. தங்கவும் சாப்பிடவும்தான் செலவு. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் என்றால் சில இடங்களுக்கு எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் மாதச் செலவுக்கே உதவித்தொகை உண்டு. 2022-இல் யுஜிசி கொண்டுவந்த விதிகளின்படி, தகுதியுள்ள இந்தியக் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ட்வின்னிங் படிப்பு நடத்தலாம், அதில் 30 சதவீதம் வரை கிரெடிட்டை அங்கே படித்துப் பெறலாம். நம் பக்கத்துக் கல்லூரிகளில் இது இன்னும் அபூர்வம். ஆனால் மாணவர்கள் கேட்காமல் எந்த நிர்வாகமும் தானாக இறங்காது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தின் வழியாகவும் 2024-இல் தேர்வான மாணவர்களை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். போட்டி கடுமை, அது பெரும்பாலும் பொறியியல் பக்கம் போனது. இருந்தாலும் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

போகாவிட்டால் எதையாவது இழந்துவிடுவேனா என்று கேட்டீர்கள். நண்பர்கள் எல்லாரும் ஸ்டேட்டஸில் சிங்கப்பூரின் மெர்லயன் சிலைப் படம் போடும்போது ஒரு வாரம் வயிற்றெரிச்சலாக இருக்கும், அது உண்மை. அதைத் தாண்டி இழப்பு இல்லை. எம்பிஏ படிக்கும் பையன் அந்த எட்டு நாளை ஒரு மாங்கூழ் ஆலையின் ஏற்றுமதிப் பிரிவில் உட்கார்ந்து கழித்தாலும், மேலே சொன்ன கணக்கில் பாதி கையில் வந்துவிடும். சீசன் நேரத்தில் ஆலைகளுக்கு ஆள் தேவை, கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

போவது என்று ஆனால் சில்லறை விஷயங்கள்: விமானம் பெங்களூரு தேவனஹள்ளியிலிருந்துதான் இருக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஒன்றரை மணி நேரம் என்று யாராவது சொன்னால் நம்பி, சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். விமான நிலையம் நகரத்துக்கு அந்தப் பக்கம். நேரத்தைத் தாராளமாக வைத்துக் கிளம்புங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் பிளக் பொருந்தாது, பட்டை முள் உள்ள அடாப்டர் வேண்டும். சிங்கப்பூர் ரயில் நிலையங்களில் தமிழிலும் பலகை இருக்கும், சாப்பாட்டுக்கும் கஷ்டம் இல்லை, அதனால் பையில் பாதியைப் புளியோதரைப் பொடியால் நிரப்ப வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அழைப்புக் கடிதம், ஆசிரியர் பெயரோடு அட்டவணை, செலவுப் பிரிப்பு, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு வாரத்தில் மூன்றும் வந்தால், அப்பாவோடு உட்கார்ந்து நகையைத் தொடாமல் எவ்வளவு புரளும் என்று பாருங்கள். புரண்டால் போய் வாருங்கள். மழுப்பலான பதில் வந்தால் விட்டுவிடுங்கள். எப்படி இருந்தாலும் பாஸ்போர்ட்டுக்கு இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். 1,500 ரூபாய், பத்து வருடம் செல்லும், இந்தப் பயணம் இல்லாவிட்டாலும் வேறு எதற்காவது வேண்டியிருக்கும். போலீஸ் விசாரணை முடிந்து அது கையில் வரும் வரை, திரும்பக் கிடைக்காத முன்பணம் எதையும் கட்டாதீர்கள்.